கால் சுற்றுத் திருகும் ஒரு பிஸ்டனின் ஆயுளும்

படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் சிறிய அவுட்போர்டு மோட்டார் ஒரு விஷயத்தில் காதை ஏமாற்றிவிடும். எரிபொருள் சற்றுக் குறைந்து காற்று கூடிப்போனால் அது உடனே திணறாது. முழு வேகத்தில் முன்னைவிடத் துடிப்பாகக்கூடக் கத்தும். புகை குறையும், பெட்ரோல் மிச்சமாகும். எஞ்சின் இப்போதுதான் நன்றாக செட் ஆகியிருக்கிறது என்று ஓட்டுகிறவர் நிம்மதியடையும் அதே நேரத்தில், உள்ளே பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டர் சுவரை உரசத் தொடங்கியிருக்கும். பிறகு ஒரு கிறீச்சொலி கேட்கும், எஞ்சின் நின்றுவிடும். ‘சீஸ் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். கரையிலிருந்து சில கடல்மைல் தள்ளி, துடுப்பும் இல்லாத ஃபைபர் படகில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எரிபொருள் கலவையைத் திருத்துவது பார்வைக்குச் சின்ன வேலை. ஒரு ஸ்க்ரூடிரைவர், சற்றுப் பொறுமை, பத்து நிமிடம் இருந்தால் போதும். ஆனால் எந்தப் பக்கம் தவறினாலும் ஒரே நட்டம்தான் என்று எண்ணி அதில் கைவைக்கக் கூடாது. எரிபொருள் கூடினால் பிளக் கரி பிடிக்கும், புகை வரும், காசு வீணாகும். எரிபொருள் குறைந்தால் எஞ்சினே போகும். இந்த ஏற்றத்தாழ்வை விளங்கிக்கொண்டவர் திருகை எந்தப் பக்கம் சாய்த்து நிறுத்த வேண்டும் என்பதில் குழம்பமாட்டார்.

கலவை என்பதை இங்கே எடைக் கணக்காகப் பார்க்க வேண்டும். பெட்ரோல் கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகளின் கூட்டம். அதில் ஒரு கிராம் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றில் எடைப்படி கால் பங்குக்கும் குறைவாகவே ஆக்சிஜன் இருப்பதால்தான் எண் இவ்வளவு பெரிதாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று கிட்டத்தட்ட 11 கிலோ. கடற்கரைக் காற்றில் அதை அளந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் வரும். கையளவே உள்ள கார்பரேட்டர் வழியாக, ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலோடும் ஓர் அறை நிறையும் அளவுக்குக் காற்று போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் துளைகள் ஏன் அவ்வளவு நுண்ணியவை என்பது புரியும்.

முழு எரிதலுக்கு 14.7 என்றாலும் எஞ்சின் அதிக விசை தருவது 12.5-க்கும் 13-க்கும் இடையில். பெட்ரோல் சற்று மிகையாக இருந்தால்தான் உள்ளே வந்த ஆக்சிஜன் முழுவதும் பயன்படும், தீயும் வேகமாகப் பரவும். இதைச் செறிந்த கலவை எனலாம். பட்டறைகளில் ‘ரிச்’ என்பார்கள். எண் 15, 16 என்று ஏறினால் மெலிந்த கலவை, ‘லீன்’. சமையலறை கேஸ் அடுப்பில் காற்று போதாதபோது சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி ஏற்றுவதும், காற்று மிகுந்தால் சுடர் பர்னரை விட்டுத் தாவி அணையப் பார்ப்பதும் இதே கணக்கின் இரண்டு ஓரங்கள்தாம்.

இந்த விகிதத்தை மின்சாரமோ உணர்கருவியோ இல்லாமல், வெறும் வடிவத்தால் பிடித்து நிறுத்துகிறது கார்பரேட்டர். டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் பாயும் திரவத்தின் வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவை விளக்கினார். குறுகிய கழுத்தில் பாய்வு விரையும்போது அழுத்தம் விழுவதை இத்தாலியரான வென்சூரி 1797-இல் எழுதினார். அந்தக் கழுத்தில் ஒரு மெல்லிய குழாயை நீட்டி, அதன் மறுமுனையைப் பெட்ரோல் நிறைந்த சிறு கிண்ணத்தில் வைத்தால், வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளிக் கழுத்துக்குள் தூவும். காற்று வேகமாகப் போனால் பெட்ரோலும் அதிகமாக வரும். இந்தத் தூவல் முறையை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா இருவரும் 1893-ஐ ஒட்டி உருவாக்கினார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்ட தன் படகு மோட்டாரை விற்கத் தொடங்கியபோது இந்த நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாகச் சிறிய அவுட்போர்டுகள் இதை நம்பியே ஓடியிருக்கின்றன.

கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கலவை மாறும். கிண்ணத்தின் அடியில், அளந்து துளைத்த பித்தளைத் திருகு ஒன்று உண்டு. அதுதான் மெயின் ஜெட். அதன் துளை 1 மில்லிமீட்டரிலிருந்து 1.1 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். ஊசியை விட்டுக் குடைந்து ஜெட்டைச் சுத்தம் செய்கிறவர்களைக் கண்டால் தடுக்கச் சொல்வது இதனால்தான். அடைப்பு போகும், கூடவே அளவும் போகும்.

கழுத்தின் உறிஞ்சலை மட்டும் நம்பினால் எஞ்சின் மெதுவாக ஓடாது. த்ராட்டில் மூடியிருக்கையில் கழுத்தில் காற்றின் வேகம் மிகக் குறைவு. மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் எழும்பாது. எனவே த்ராட்டில் தட்டுக்கு எஞ்சின் பக்கமாக, உறிஞ்சல் வலுவாக இருக்கும் இடத்தில், தனியாகச் சில நுண்துளைகளைத் திறந்து வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் ‘ஸ்லோ’ என்று சொல்லும் ஓட்டத்துக்கு இதுதான் பாதை. நாம் திருகும் ஸ்க்ரூ பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆகவே முழு வேகத்தில் வரும் கோளாறை ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகித் தீர்க்க முடியாது. 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் முகப்பிலேயே இரண்டு குமிழ்கள் இருந்தன: ஒன்று மெதுவேகத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. பின்னால் வந்தவற்றில் முழு வேகத்துக்கு மாறாத மெயின் ஜெட்டைப் பொருத்திவிட்டார்கள். பயன்படுத்துகிறவர் கையால் கெடுவதைத் தடுத்த நல்ல மாற்றம் அது என்றே கருதுகிறேன். கால் சுற்றில் பிஸ்டனின் தலைவிதி மாறக்கூடியது அந்த முழுவேகக் குமிழில்தான்.

ஏன் அப்படி? நாம் இங்கே பேசுவது டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களைப் பற்றி; அந்த எஞ்சினின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் கிராங்க் அறைக்குள் ஆயிலைத் தேக்கி வைப்பதில்லை. பெட்ரோலில் கலந்த ஆயில், பெட்ரோலோடு கிராங்க் அறைக்குள் வந்து, பேரிங்குகளையும் கனெக்டிங் ராடையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டுப் பிறகு எரியும் அறைக்குப் போகிறது. கார்பரேட்டர் 20 சதவீதம் குறைவாகப் பெட்ரோல் கொடுத்தால் ஆயிலும் 20 சதவீதம் குறைகிறது. அது மட்டுமல்ல. மிகையாக வரும் பெட்ரோல் வீணாவதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே வரும் கலவையையும் பிஸ்டனின் தலையையும் அது குளிர்விக்கிறது. எரியும் வாயு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிஸ்டனோ அலுமினியம், 660 டிகிரியில் உருகும் உலோகம். 12.5-இல் ஓட வேண்டிய எஞ்சின் 15-ஐ நோக்கி நகரும்போது குளிர்ச்சியும் வழுவழுப்பும் ஒன்றாகக் குறைகின்றன. அலுமினியப் பிஸ்டன் தன்னைச் சுற்றியுள்ள இரும்புச் சிலிண்டரைவிட வேகமாக விரிகிறது. இடைவெளி மறைகிறது. அவ்வளவுதான்.

ஆயில் பற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எஞ்சின் சூடாகிறது என்றதும் பெட்ரோலில் ஆயிலைக் கூட்டி ஊற்றுகிறவர்கள் உண்டு. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் கூடினால் அதே ஜெட் துளை வழியே போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைகிறது, திரவமும் தடிக்கிறது. ஆக, காற்றோடு ஒப்பிட்டால் கலவை செறிவாவதற்கு மாறாக மெலிகிறது! வித்தியாசம் சிறியதே. ஆனாலும் அது நாம் விரும்பாத திசையில் இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி. தண்ணீரால் குளிரும் இந்த எஞ்சின்களுக்கு டிசி-டபிள்யூ3 தரத்து ஆயிலை வாங்குங்கள். காற்றால் குளிரும் பைக்குக்கு என்று விற்கும் ஆயில் சாம்பல் விடும் வகையாக இருக்கலாம். அது பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும்.

ஸ்க்ரூவைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது கலவைக் கோளாறுதானா? நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மோட்டாரின் திருகு இரவோடிரவாகத் தானாக இடம் மாறாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படியும். முதலில் அடைவது ஸ்லோ பாதையின் நுண்துளைகள்தாம். டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருக்கலாம். குழாய் இணைப்பில் காற்று புகலாம். கிராங்க் அறையின் சீல் தேய்ந்து வெளிக்காற்றை உறிஞ்சலாம். அப்படியானால் எவ்வளவு திருகினாலும் மெலிவு தீராது. அடைபட்ட துளையை ஈடுகட்ட ஸ்க்ரூவைத் திறந்துகொண்டே போவதுதான் நான் பார்த்தவற்றிலேயே அதிகம் நடக்கும் தவறு. கார்பரேட்டரைக் கழற்றி, கரைப்பானும் அழுத்தக் காற்றும் கொண்டு சுத்தம் செய்து, பிளக் மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகும் கோளாறு இருந்தால் மட்டும் திருகலாம்.

திருகும் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோலை அளக்கும் ஊசித் திருகை உள்ளே திருகினால் கலவை மெலியும். சில கார்பரேட்டர்களில் திருகு காற்றை அளக்கும். அதை உள்ளே திருகினால் கலவை செறியும். காற்று நுழையும் வாய்ப்பக்கம் இருந்தால் காற்றுத் திருகு, எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் திருகு என்பது பொதுவாகப் பொருந்தும் அடையாளம். கையேடு கிடைத்தால் அதுவே முடிவு. இனி சொல்வது பெட்ரோல் ஊசிக்கு.

மோட்டார் நிற்கும்போதே ஊசியை மெல்ல உள்ளே திருகி, தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூரான முனையில் வளையம் விழும். பிறகு அந்த ஊசி எதையும் அளக்காது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் பல மோட்டார்களில் ஓடத் தொடங்கும் நிலை கிடைக்கும். இப்போது படகைத் தண்ணீரில் விட்டு, ஐந்து பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். சூடாகாத எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. சொட்டுகளாக இருப்பது எரியும் கணக்கில் சேராது. சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வது இதற்காகத்தான். ஆறிய நிலையில் செட் செய்த கலவை சூடானதும் செறிந்துபோகும்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் மோட்டாரை ஓட்டித் திருத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் ஒரு குறை: புகை வெளியேற இடமின்றி டிரம்மைச் சுற்றியே தேங்கும், மோட்டார் தன் புகையையே மீண்டும் உள்ளிழுக்கும். அங்கே சரியாக இருந்த திருகு கடலில் தவறாகிவிடும். படகிலேயே, கட்டிய கயிற்றோடு, முன் கியரில் போட்டுத் திருத்துவதே நல்லது. நியூட்ரலில் விசிறிக்குச் சுமை இல்லை; சுமையில்லாமல் அமைந்த ஸ்லோ கியர் போட்டதும் அணைந்துவிடும். மூடிய கொட்டகைக்குள் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். செறிந்த கலவை கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை.

எஞ்சின் தன் மிகக் குறைந்த வேகத்தில் நிலைத்து ஓடட்டும். ஊசியை எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகுங்கள். பிறகு காத்திருங்கள், பத்துப் பதினைந்து நொடி. கிராங்க் அறையில் ஏற்கெனவே நனைந்து கிடக்கும் பெட்ரோல் தீர்ந்த பிறகே மாற்றம் காதுக்கு வரும். காத்திராமல் திருகுகிறவர்கள் சரியான இடத்தை இரண்டு முறை தாண்டிப் போய்விடுவார்கள். இப்படியே போனால் ஓரிடத்தில் எஞ்சின் கார்பரேட்டர் வழியாகத் தும்மும். மெலிந்த கலவை மெதுவாக எரிகிறது; அடுத்த கலவையை ஏற்றக் கதவு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது. அது கிராங்க் அறைக்குள் பாய்ந்து அங்குள்ளதைப் பற்றவைக்கிறது. அந்த வெடிப்புதான் தும்மல். அது மெலிவின் எல்லை. இனி எட்டில் ஒரு பங்காக வெளியே திருகுங்கள். ஓட்டம் சீராகி, வேகம் சற்று ஏறி, பிறகு கனத்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதுபோலத் தடதடக்கத் தொடங்கும். அது செறிவின் எல்லை. இரண்டுக்கும் நடுவில் மிக இனிமையாக ஓடும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் நிறுத்தாமல், அதிலிருந்து எட்டில் ஒரு சுற்று செறிவுப் பக்கம் வைத்துவிடுங்கள். காதுக்கு இனிய புள்ளி, பிஸ்டனுக்குப் பாதுகாப்பான புள்ளியைவிடச் சற்று மெலிந்தே இருக்கும்.

சோதனை எளிது. ஸ்லோவிலிருந்து த்ராட்டிலைச் சட்டென்று திறங்கள். தும்மினாலோ ஒரு கணம் இறந்துபோனாலோ இன்னும் எட்டில் ஒரு சுற்றுத் திறக்க வேண்டும். புகையோடு முக்கி முக்கி எழுந்தால் சற்று மூட வேண்டும்.

முழு வேகத்துக்குப் பிளக்தான் சாட்சி. சில நிமிடம் முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஸ்லோவில் கரைக்கு வந்து கழற்றினால் அது ஸ்லோவின் கதையைத்தான் சொல்லும். நடுமுனையைச் சுற்றியுள்ள வெண்பீங்கான் பழுப்பேறியிருந்தால் சரி. கரியப்பியிருந்தால் செறிவு. வெளுத்து, சின்னக் கொப்புளங்களோடு, ஓரம் மின்னும் உலோகத் துகள்களும் தெரிந்தால் மோட்டாரை அன்றைக்கு மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அந்தத் துகள்கள் பிஸ்டனின் அலுமினியம்.

ஒருமுறை சரியாக வைத்தது எங்கும் சரியாக இருக்காது என்பதற்கு மலை நல்ல சான்று. ராமேசுவரத்தில் செட் செய்த மோட்டாரை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டி ஏரிக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைவு. கழுத்தில் போகும் காற்றின் எடை அதே 20 சதவீதம் குறைகிறது. உறிஞ்சப்படும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிப் பத்து சதவீதமே குறைகிறது. அதனால் 14.7 என்பது 13-ஐ ஒட்டி வந்துவிடும். மோட்டார் செறிந்து, சோர்ந்து ஓடும், கெடாது. மலையில் திருத்திய மோட்டாரைக் கடலுக்குக் கொண்டுவருவதுதான் ஆபத்து.

எரிபொருளே மாறும்போது கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் 1980-களிலிருந்து பெருகிய அவுட்போர்டுகளில் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. எரியத் தேவையான காற்றின் விகிதத்தில் மண்ணெண்ணெய் பெட்ரோலிலிருந்து அதிகம் விலகாது. ஆவியாவதில்தான் வேறுபாடு. பெட்ரோலின் இலகுவான பகுதி 40 டிகிரியிலேயே கொதிக்கும். மண்ணெண்ணெய் 150 டிகிரிக்கு மேல்தான் தொடங்கும். எனவே இந்த மோட்டார்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரை சேருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்த நிலையில் அணைக்கிறார்கள். மறந்து மண்ணெண்ணெயிலேயே அணைத்தவர் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்துக் களைத்துப்போவார். 1990-களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியதும் இதே அறிவியலால்தான். கிடைத்தற்கரிய பெட்ரோலைச் சில சொட்டு மட்டும் கார்பரேட்டருக்குள் விட்டுக் கிளப்பி, சூடேறிய எஞ்சினை மண்ணெண்ணெயிடம் ஒப்படைத்தார்கள். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அதன் தேய்மானத்தை அவர்கள் அறிந்தே ஏற்றார்கள்.

இன்று பெட்ரோல் பங்கிலேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய ஒன்பது மடங்கு காற்றே போதும். 20 சதவீதம் கலந்த எரிபொருளுக்கு வேண்டிய விகிதம் 14.7-லிருந்து 13.5-க்கு இறங்குகிறது. பழைய ஜெட்டோ பழைய அளவையே கொடுக்கும். அதாவது யாரும் தொடாமலேயே மோட்டார் ஏறக்குறைய 8 சதவீதம் மெலிந்துவிட்டது. ஸ்லோவில் இதை எட்டில் ஒரு சுற்று, கால் சுற்றுத் திருகி ஈடுகட்டலாம். முழு வேகத்துக்குத் திருகு இல்லை. பிளக் வெளுக்கிறதா என்று பார்த்து, வெளுத்தால் அடுத்த அளவு மெயின் ஜெட் போட வேண்டும்.

கடலில் எத்தனாலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டூ-ஸ்ட்ரோக் ஆயில் மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிட, அடியிலுள்ள ஆயிலற்ற நீர்க்கலவை எஞ்சினுக்குள் போகும். எந்த ஸ்க்ரூவும் இதைத் திருத்தாது. டேங்கை நிறைத்து வைப்பது, மூடியை இறுக்குவது, கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திராதது, குழாயில் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று மாட்டுவது, இத்தனையும் செய்த பிறகு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அடியில் தனிக் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.